வைல் ஓடாத நாலாம் மெஷின்

போத்தனூர்,
2.6.1996

அன்புள்ள லின்சிக்கு,

இதை உன் அப்பா முதலில் பிரித்திருந்தால்: வணக்கங்க அங்கிள். இது காதல் கடிதம் இல்லைங்க, குற்றக் கடிதம். படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

லின்சி, அரக்கோணம் எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிவிட்டாய். இங்கே கம்ப்யூட்டர் சென்டர் ஏசியைத் தவிர எல்லாரும் நலம். அதற்கு மட்டும் மூச்சிரைப்பு.

உன் தோழி புவனா அவளுக்கு நீ எழுதிய கடிதத்தைக் காட்டினாள். கோடை வகுப்புத் தேர்வில் சைபர் வாங்கியதால் கம்ப்யூட்டர் உன் மண்டையில் ஏறாது என்றும், பிளஸ் ஒன்னில் வேறு குரூப் கேட்டு எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொல்லியிருந்தாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தோசை இறங்கியது, அது வேறு.

அந்தச் சைபரை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

சென்டரில் நாம் படித்த சி கம்ப்யூட்டர் மொழியில் நாமே புதுச் சொல் சேர்க்கலாம் அல்லவா? 'கும்பிடு' என்று ஒன்று சேர்த்தேன். அடித்தால் திரையில் வணக்கம் வரும். தெரியாதவனுக்கு நட்டமில்லை. அத்தோடு நின்றிருக்கலாம். நம்மோடு படிக்கும் மாசாணத்தை அலறவிட நினைத்து, அவன் உட்காரும் நாலாம் மெஷினில், எல்லா புரோகிராமும் முதலில் படிக்கும் பொதுக் கோப்பில் ஒரு வரி சொருகினேன். திரும்பச் செய்யச் சொல்லும் 'வைல்' என்று யார் எழுதினாலும், ஒரு தடவை மட்டும் செய்யும் 'இஃப்' என்று எடுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியது ஒரே தடவையில் நின்றுவிடும். எழுதியவர் எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியாது.

தேர்வன்று மாசாணம் அவிநாசித் தேருக்குப் போய்விட்டான். பாலகோபால் சார் உன்னை அங்கே உட்காரவைத்தார். உன் புரோகிராமில் பதினாறாம் வாய்ப்பாடு ஒரே வரியோடு நின்றது. "சரியாத்தானுங்க சார் எழுதியிருக்கேன்" என்றாய். "மெஷின் பொய் சொல்லுமா அம்மணி?" என்றார். இரண்டு மெஷின் தள்ளி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாரிடம் ஒப்புக்கொண்டேன். கூட நின்ற மாசாணம், "புதுசா நூறு வார்த்தை சேத்திக்கடா, ஆரு கேட்டா? அந்தப் புள்ள நம்பி எழுதுன வார்த்தையவே மாத்திப்போட்டியே" என்றான்.

சார் அந்த வரியை அழித்தார். உன் விடைத்தாளை அதே மெஷினில் என்னையே டைப் அடிக்கச் சொன்னார். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பத்து வரியும் வந்தன. எனக்கு இனிமேல் சென்டரில் செருப்பு விடும் இடம் வரைதான் அனுமதி.

அச்செடுத்த தாளில் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதைப் பிறகு நிதானமாகச் செய். குரூப் பாரத்தை மட்டும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எழுது, லின்சி.

இப்படிக்கு,
கதிர்வேல்