வயிற்று வலி என்று ஒரு லீவு

அன்புள்ள அப்பா,

சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது? அம்மா சௌக்கியமா? முகப்பேரில் நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் கிளினிக்கில் ஒரு கூத்து. ஆவடியிலிருந்து ஒரு டீச்சர் மனச்சோர்வுக்காக என்னிடம் கவுன்சிலிங் வருகிறார். அவருடைய புருஷன், "இவ ஸ்கூல்ல, இவளுக்கு வயித்து வலின்னு லீவு லெட்டர் குடுத்துட்டேன் மேடம். யாராச்சும் கேட்டா நீங்களும் அப்டியே சொல்லிடுங்க, மானம் போயிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "எங்கப்பா தன் சர்க்கரையை ஊர் பூராவும் சொல்றார் சார். இதுவும் நோய்தான், இதுல என்ன வெட்கம்?" என்று அரைமணி நேரம் கத்தினேன்.

இந்தத் திங்கட்கிழமை என்னால் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. கிளினிக்குக்கு மெசேஜ் அனுப்பினேன்: 'வயிற்று வலி, இன்று வரவில்லை.' என்னத்தைப் படித்துக் கிழித்தேனோ, போங்கள்!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அம்மாவையும் பத்து நாள் அனுப்புங்கள். ஒருத்திக்காகச் சமைக்க அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே ஆள் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

எழில்

பி.கு: தீபாவளிக்கு வராமல் காய்ச்சல் என்று சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை அப்பா.