நாலாவது ஆளாக ஒரு கல்

இந்த ஊரில் என்னைக் கடைசி வரை ‘டேய்’ என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் அன்பு மச்சான் கோவிந்தனுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. அடுத்த வாரம் உனக்கு மூன்றாவது திதி. வருஷா வருஷம் ஐயர் வந்து போனதும் வந்தவர்களுக்கு இலை போட்டுவிட்டு நான் விறகுத் தொட்டிக்குக் கிளம்பிவிடுவேன். இந்த முறை சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் இந்தக் கடிதத்தையும் அச்சடித்துக் கொடுப்பதாக இருக்கிறேன். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் வசந்தாவுக்கு மெட்ராஸில் டீச்சர் டிரெய்னிங் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது. மாம்பலத்துக்குப் பக்கம். அங்கேயே ஹாஸ்டல். கடிதம் வந்த அன்று அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். நீ போனதிலிருந்து என் வீட்டோடு இருக்கிற உன் பெண்சாதி தனம், அதாவது என் தங்கச்சி, ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஸ்கூல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பெண் நேரில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

ரயிலில் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. செங்கல்பட்டில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கலாம். ஆனால் நான் கார் வாங்கிவிட்டேன், மச்சான். உனக்குத் தெரியாதல்லவா? ஒரு டாக்டர் ஓட்டிக் களைத்துப்போன சின்ன வண்டி. பெட்டியும் படுக்கையும் இருக்கிறது, ரயிலில் சிரமம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? விறகுத் தொட்டிக்காரன் மருமகள் காரில் வந்து இறங்கினாள் என்று நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம். அதற்கு நான் போட்ட திட்டத்தைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். முன்பு மாமல்லபுரத்தில் உன் தோப்பிலிருந்து சவுக்குக் கட்டைகளைக் கால்வாயில் படகேற்ற நான் இப்படி உட்கார்ந்து கணக்குப் போடுவேன். “கால்வா வெட்னவனே இவ்ளோ ரோசன பண்ணியிருக்க மாட்டான்டா” என்பாய்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். ஒன்பதுக்குப் பிறகு புறப்பட்டால் பத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆக, ஏழே கால். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது. வீட்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ரயில்வே கேட் இருக்கிறது. அது எப்போது மூடுகிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று இரண்டு நாள் போய் நின்று பார்த்து வந்தேன். முந்தின வாரம் தனியாகக் கூடுவாஞ்சேரி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி வழியில் ஒரு தரம் கொதித்தது. அதனால் தண்ணீர் டின் இரண்டு. வண்டலூரில் நிறுத்தி இஞ்சினை ஆறவிடுவது, தாம்பரத்தில் காபி. யார் எங்கே உட்காருவது என்பதுகூட முடிவாகிவிட்டது. முன்னால் நானும் என் வீட்டுக்காரி மரகதமும். பின்னால் வசந்தா, பெட்டி, படுக்கை.

தனம்?

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை அடுப்படிக்குப் போய், தோப்பில் வெட்டு நடக்கிறது, கூலியாட்களைப் பார்த்துக்கொள்ள நம் ஆள் யாரும் இல்லை, நாளைக்கே பஸ்ஸில் மாமல்லபுரம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வா என்றேன். குரலை எப்போதும் போலத்தான் வைத்துக்கொண்டேன். சரக்கு விற்கிற குரல்.

மச்சான், தோப்பில் அந்த வாரம் வெட்டே இல்லை.

பெண் பிள்ளை முதல் முதலாக நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டுகிறாள். புருஷனை இழந்தவள் எதிரே வந்துவிடக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நம் சனத்தில் இதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? அவரவர் பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள். தொட்டிக்குப் புதுக் கொட்டகை போட்டுப் பூஜை வைத்த அன்றும் தனம் பின்கட்டில் மாவு அரைத்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று அது எனக்கு உறுத்தவே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தனம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “எதிர்ல வராம இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமாண்ணே? நான் உள்ளயே இருந்துக்கறேன். வண்டி போனப்புறம் வெளியே வரேன்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய். ஆனால் நீ இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் ஏது? செத்தது நீ. அதற்குத் தண்டனை அவளுக்கு. இத்தனை நாள் வியாபாரம் செய்கிறேன், இப்படி ஒரு அநியாயத்தைக் கடைத்தெருவில் எவனாவது செய்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். என் வீட்டுக்குள் நடந்தது என் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாம் என் திட்டப்படிதான் நடந்தது. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பெட்டியும் படுக்கையும் வண்டியில் ஏறிவிட்டன. தனம் இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. வசந்தா கதவுக்கு வெளியே நின்றே, “போய்ட்டு வரேம்மா” என்றாள். உள்ளே இருந்து, “நல்லபடியா போய்ட்டு வா” என்று சத்தம் மட்டும் வந்தது.

அப்போது மரகதத்துக்கு ஒரு சந்தேகம். நான், அவள், வசந்தா, மொத்தம் மூன்று பேர். மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாதே. அவள் மலைக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கைக்கு அடக்கமாக ஒரு கல்லை எடுத்துக் கழுவி, மஞ்சள் தடவி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். பின் சீட்டில் வசந்தாவுக்குப் பக்கத்தில், படுக்கையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதைப் பத்திரமாக வைத்தாள். நாலாவது ஆள்.

வசந்தா ஒரு காலை வண்டிக்குள் வைத்திருந்தாள். அந்தக் கல்லைப் பார்த்தாள். காலை வெளியே எடுத்துவிட்டாள்.

“கல்லுக்கு எடம் கீது. எங்கம்மாவுக்கு இல்லியா மாமா?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை, மச்சான். எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. மரகதம், நேரமாகிறது, நல்ல காரியத்துக்குப் போகும்போது என்ன பேச்சு இது என்று அதட்டினாள். வசந்தா நகரவில்லை. “எங்கம்மா வரலன்னா நான் போவல அத்த. எடம் போனா போவட்டும்” என்றாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

உண்மையை எழுதுகிறேன். நான் முதலில் செய்தது கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். ஏழு மணி எட்டு நிமிஷம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. என்னைக் கண்டதும் அவள்தான் கெஞ்ச ஆரம்பித்தாள். “அவ சின்னப் பொண்ணு, தெரியாம பேசறா. அதட்டி இட்டுக்கினு போண்ணே. நான் வந்தா கொழந்தைக்கு ஆவாது. வழியில ஒண்ணுன்னா ஊரு சொல்றது இருக்கட்டும், என்னாலதான்னு நானே சொல்லிக்குவேன்.”

படித்தவனாக இருந்தால் சாஸ்திரம் பொய் என்று பேசியிருப்பேன். எனக்கே அது பொய் என்று முழு நம்பிக்கை இல்லையே. எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாபாரம். ஒரு சரக்கு போகவில்லை என்றால் வேறு சரக்கைக் காட்ட வேண்டும்.

“மூணு பேரா போனா ஆவாதுன்னு உங்க அண்ணி சொல்றா. நீ வந்தா நாலு. அது சாஸ்திரத்துக்கு சரியாத்தான கீது?” என்றேன்.

அவள் சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் வெட்டு எதுவும் இல்லை, உன்னை அப்புறப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். அவளும் தோப்புக்காரனோடு குடித்தனம் நடத்தியவள்தானே, இந்த மாதத்தில் வெட்டு கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றாமல் தொழில் செய்தேன் என்று மார்தட்டுகிறவன், கூடப் பிறந்தவளிடம் ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் அகப்பட்டுக்கொண்டேன்.

அவள் முகம் கழுவி, வெள்ளைச் சேலையை மாற்றிக் காவிக்கரை போட்டதைக் கட்டிக்கொண்டு வருவதற்குள் மணி ஏழு நாற்பது. ராகுகாலம் பிறந்து பத்து நிமிஷம். மரகதம் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தாள், இந்த நேரத்தில் நான் வரமாட்டேன் என்று. வசந்தாதான் சொன்னாள்: “நீங்க எறங்குனா மறுபடி மூணு ஆயிடும் அத்த.” மரகதம் முனகிக்கொண்டே பின் சீட்டில் வசந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கல்லை அவளேதான் எடுத்து வெளியே வைத்தாள். தனம் முன்னால், என் பக்கத்தில்.

வண்டலூரில் நிறுத்தி இஞ்சினை ஆறவிட நேரமில்லை. பெருங்களத்தூரில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. என் திட்டத்தில் பெருங்களத்தூர் இல்லை. நான் மூடியைத் திறந்ததும் ஆவி அடித்தது. கண்ணாடி வழியாகத் தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். இறங்கி நடந்தே ஊருக்குத் திரும்பிவிடுவாள் போல இருந்தது.

டின்னிலிருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “போன வாரம் நான் ஒண்டியா வந்தப்பவும் இப்டித்தான் கொதிச்சுது. அன்னிக்கு எவ கூட வந்தா?”

தனம் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாம்பரத்தில் காபி குடிக்க நேரமில்லை. ஸ்கூல் வாசலில் நிறுத்தியபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம். காரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆபீஸில் இருந்த அம்மாள், பெண்ணோடு யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தாய்மாமன் என்று சொல்ல நான் வழியெல்லாம் தயாராக இருந்தேன். அதற்குள் வசந்தா, “எங்கம்மா வந்திருக்காங்க” என்றாள். அந்த அம்மாள் பேனாவைத் தனத்தின் பக்கம் நீட்டினார். அவள் எப்படி எழுதுவாள் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி. தன் பேரை எழுதினாள். கீழே, கோவிந்தன் மனைவி என்று எழுதினாள். மை காயும் வரை காகிதத்தின் ஓரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் மூன்று பேர்தான். மரகதம் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பாளா? ஆனால் இந்த முறை கல் தேடவில்லை. வண்டலூர் வந்ததும் தனத்தின் தோளில் கை வைத்து, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி இருக்குமோ என்று கேட்டாள். அங்கிருந்து வீடு வரை இரண்டு பேரும் சாம்பாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

மச்சான், ஒரே நாளில் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்று வசந்தா காலை வெளியே எடுக்காமல் இருந்திருந்தால் ஏழே காலுக்கு வண்டியைக் கிளப்பியிருப்பேன். திட்டம் பிசகாமல் நடந்தது என்று பெருமையும் பட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த தடவை யார் இறங்கி நிற்கப் போகிறார்கள்?

அதற்காகத்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். வாய்ப் பேச்சை மாற்றிக்கொள்ள வியாபாரிக்கு ஆயிரம் வழி உண்டு. அச்சில் போட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோருடைய கையிலும் கொடுத்துவிட்டால் அப்புறம் நழுவ முடியாது.

ஆகவே உனக்கும், இதைப் படிக்கிற நம் சனத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். வசந்தா படிப்பை முடித்து, அவளுக்கு ஒரு நாள் கல்யாணம் வரும். அன்று பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று உங்களையெல்லாம் வாங்க என்று கூப்பிடப் போகிறவள் தனம்தான். அது கூடாது என்று நினைக்கிறவர்கள் அவளிடம் போக வேண்டாம். பக்கத்திலேயே நான் நிற்பேன், என்னிடம் சொல்லுங்கள். அன்றைக்கு என் வாய் குழறினால், இந்தக் காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடியுங்கள்.

உன் தனத்தின் அண்ணன், உன் வசந்தாவின் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் அதே ‘டேய்’,
நடேசன்
செங்கல்பட்டு