பட்டியலில் சேராத கதை

கார்டன் ரீச்
டிசம்பர் 27

அன்புள்ள சுப்ரியா,

பிரிட்டோவுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே கல்கத்தாவில் குளிர் இறங்கிவிட்டது. அப்பா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்.

சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்கும் மார்கழிப் பரிமாற்றக் கதைகள் கிறிஸ்துமஸ் அன்றே நம் ரசிகர் குழுவில் ஏறிவிட்டன. டிவியில் தொடர் நின்று எத்தனை நாளாயிற்று, ஸ்டேஷன் மாஸ்டர் கோமதிக்கு நாம் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. உன் பரிந்துரைப் பட்டியலுக்கு எனக்குப் பிடித்தவற்றைக் கேட்டிருந்தாய். முதலில் ‘ஊறுகாய் பார்சல்’. யாரும் வாங்க வராத பார்சல் ஒன்று ஒழுகத் தொடங்குகிறது. கோமதியும் கார்டு இருதயராஜும் அதற்குப் பக்கத்தில் நின்று சண்டை போடுகிறார்கள். சிரித்துவிட்டேன். அம்மா, “பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறதுல என்னடி சிரிப்பு?” என்றாள். அடுத்து ‘ஒலிபெருக்கி’, முழுக்க அறிவிப்புகளாலேயே எழுதியது. மூன்றாவதில் கோமதி கல்கத்தாவுக்கு வருகிறாள். ஹவுரா பாலத்தின் மேல் டிராம் ஓடுகிறது; அங்கே டிராம் நின்று எத்தனையோ வருஷமாயிற்று. எழுதியவர் ஊரைப் பார்த்ததே இல்லை. அதோடு, இடது கைக்காரியான கோமதி வலது கையால் கொடி காட்டுகிறாள். இருந்தாலும் பிரிவுக் காட்சிக்காகப் போடு.

உனக்கு வந்த பரிசுக் கதையைப் படித்துவிட்டாயா? கீழே உன் நன்றியைக் காணவில்லை. சீட்டில் உன் பெயர் யாருக்கு விழுந்ததோ, அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுதியவர்களின் பெயர்கள் போகியன்றுதான் வெளிவரும் என்பதால் அவரால் வந்து கேட்கவும் முடியாது. சும்மாதான் சொன்னேன்.

உன்
அரசி

*

சென்னை
டிசம்பர் 30

என் அரசிக்கு,

காய்ச்சல் விட்டது, முனகல் விடவில்லை. நீ சொன்ன மூன்றும் பட்டியலில் ஏறிவிட்டன. கொடி எந்தக் கையில் என்று பார்க்க உலகத்தில் உன்னை விட்டால் ஆள் இல்லை.

என் பரிசுக் கதையைத் திறந்தேன். நான் கேட்டிருந்தது இதுதான்: கோமதியின் கல்யாணத்துக்கு அவள் அம்மா ஏன் வரவில்லை? தொடரில் சொல்லாமலே விட்டுவிட்டார்களே. ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு அம்மா வராததற்கு யாராவது ஒரு பொய்க் காரணமாவது சொல்லட்டும் என்றுதான்.

முதல் பத்தியிலேயே அந்த அம்மா பையோடு ஸ்டேஷனுக்கு வருகிறாள். மூடிவிட்டேன். எழுதியவருக்கு என் அம்மாவைத் தெரியாது. பிரிட்டோவைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் “அந்தப் பையனுக்காக நான் ரயில் ஏற மாட்டேன்” என்று ஃபோனை வைத்தவள், டாலிகஞ்ச் வீட்டு கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். பிரிட்டோ, “படிச்சுத்தான் பாரேன், கதைதானே, கடிக்கவா போகுது?” என்கிறான். கடிக்கிறது.

நீ படித்தாயா? நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பாயே. யார் அது?

சுப்ரியா

*

கார்டன் ரீச்
ஜனவரி 3

அன்புள்ள சுப்ரியா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கிவிட்டேன்.

படித்தேன். யார் என்று நான் சொல்லக் கூடாது; போகி வரைக்கும் அதுதான் விதி. நடுவில் ஓரிடம் இழுக்கிறது. தொடரோடு ஒத்துப்போகாத தவறும் ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் வந்ததாக இருக்காது. எப்படியிருந்தாலும் கடைசிவரை படி. பாதியில் மூடினால் அது வேறு கதையாகிவிடும்.

போகிக்கு முன்னால் எழுதியவர் நினைத்தால் கதையைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம். உனக்கு வலித்தது என்று தெரிந்தால் எடுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன். எடுத்துவிடலாமா என்று தினமும் யோசித்துக்கொண்டிருப்பாராயிருக்கும்.

போன ஞாயிறு டாலிகஞ்சுக்கு மாமியைப் பார்க்கப் போனேன். உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. “மெட்ராஸ்ல இன்னும் மழையா?” என்றார். இல்லை மாமி என்றேன். “அப்போ துணி காயும்” என்றார். கிளம்பும்போது, “அவளுக்கு லெட்டர் போடறயோன்னோ?” என்றார். போடுகிறேன் என்றதும், என்ன எழுதுகிறேன் என்று கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கதையாக எழுதக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இந்த வரியை அழித்துவிடத்தான் நினைத்தேன்.

கோபித்துக்கொள்ளாதே.

அரசி

*

சென்னை
ஜனவரி 9

அரசி,

பதில் வராமல் பயந்திருப்பாய். பயப்படட்டும் என்றுதான் இரண்டு நாள் விட்டேன்.

படித்துவிட்டேன். அந்த அம்மா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி நிற்கிறது. எழுந்திருக்கிறாள், உட்காருகிறாள். வண்டி போய்விடுகிறது. பிறகு பிளாஸ்கைத் திறந்து போர்ட்டருக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, “ஆறிப் போயிருக்கும். ஆனா சக்கரை சரியா இருக்கும்” என்கிறாள்.

தொடரில் கோமதியின் அம்மா டீயைத் தவிர எதையும் தொட மாட்டாள், அரசி. யார் வேண்டுமானாலும் அதை மறக்கலாம், நீ மறக்க மாட்டாய். காலேஜ் பரீட்சைக்கு ஓடும்போதெல்லாம் வாசலில் டம்ளரை நீட்டி என் அம்மா சொன்ன வாக்கியம் அது. நீயும்தான் அந்தக் காபியைக் குடித்திருக்கிறாய்.

அந்த பெஞ்சில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். பெயரில்லை. அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கல்யாணத்துக்கு நீயும் வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ஹவுராவில் அம்மாவும் நீயும் இரண்டு டிக்கெட்டையும் கிழித்துப் போட்டீர்களா?

இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே என்று கோபம். பாதிதான் போயிருக்கிறது. மீதியை நேரில் தருகிறேன்.

போகியன்று காலை ஹவுரா மெயிலில் வருகிறோம், நானும் பிரிட்டோவும். அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டி வா. நான் வருகிறேன் என்று சொல்லியே கூட்டி வா. என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. யோசித்தாளானால், இது அங்கேயே முடிகிற வண்டி, விட்டுவிட்டுப் போகாது என்று சொல். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் நாங்கள் பிளாட்பாரத்திலேயே நிற்போம்.

வருவாளா என்று தெரியவில்லை. பெட்டி கட்டக் கை ஓடவில்லை.

பட்டியலை இன்று போட்டுவிட்டேன். அந்தக் கதை அதில் இல்லை. தேடிப் பார்த்து வருத்தப்படாதே. ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்ல மனம் வரவில்லை; அது எனக்கு எழுதியது. கீழே நன்றி மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாவைக் காபி கொண்டு வரச் சொல். ஆறியிருந்தால் பரவாயில்லை.

சுப்ரியா