கன்றுகள் தேறும் வரை

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டாயிற்று. போனில் பேசினால் வார்த்தை தடித்துப்போகிறது. நீங்களும் வைத்துவிடுகிறீர்கள், நானும் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

கொட்டகையில் கன்றுகளுக்குக் கழிச்சல். நேற்றோடு மூன்று போய்விட்டன. ஒன்று பிறந்த இரண்டாம் நாளே தண்ணீராய்க் கழிந்து, கண் குழிவிழுந்து சுருண்டது. மற்ற இரண்டும் கொஞ்சம் வளர்ந்தவை. அவற்றுக்குக் காய்ச்சல், இரத்தமாய்ப் போனது, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நாளெல்லாம் லேபில் கிருமி பார்க்கிற மருமகன் இருந்தும் எனக்கு இந்த கதி.

என் பெண் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். என்ன சண்டை என்று அவளும் சொல்லவில்லை, நானும் நோண்டவில்லை. போன வாரம் நீங்கள் வாசலில் நின்று கூப்பிட்டபோது, "கன்னுங்க தேறட்டும், வர்றேன்" என்றாள். சொன்ன சொல்லில் நிற்கிறாள். விடிந்தது முதல் பால்புட்டியும் கையுமாகத்தான் இருக்கிறாள். பெண்டாட்டி வேண்டுமென்றால் கன்றுகளைப் பிழைக்க வையுங்கள். கன்றுகளின் சாணத்தைத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பால்வண்டி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அத்தை


மார்ச் 9

அத்தைக்கு வணக்கம்.

டப்பாக்களைச் சோதித்துவிட்டேன். உங்கள் கொட்டகையில் இரண்டு கிருமிகள் குடியிருக்கின்றன. பச்சைக்கன்றைக் கொன்றது ஈ.கோலை, பிறந்த முதல் சில நாட்களில் பிடிப்பது. வளர்ந்தவற்றைக் கொன்றது சால்மொனெல்லா. காய்ச்சலும் இரத்தக்கழிச்சலும் அதன் வேலை.

மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? கன்று பிறந்ததுமே அது வயிற்றுக்குள் போக வேண்டும். அதுதான் அதற்குக் கவசம். இன்னொன்றையும் டிரைவர் சொன்னார். நோய்ப்பட்ட கன்றுக்கு முதலில் ஊட்டிவிட்டு, அதே புட்டியை நல்ல கன்றின் வாயில் வைக்கிறீர்களாம். 'பாவம், அதுதானே வாடிக் கிடக்குது' என்கிறீர்களாம். அந்த இரக்கம்தான் கொட்டகையைக் காலி செய்கிறது. முதலில் பச்சைக்கன்று, பிறகு நல்லவை, நோய்ப்பட்டவை கடைசி. அவற்றுக்குப் புட்டி தனி, இடம் தனி. புட்டியையும் வாளியையும் கொதிநீரில் கழுவுங்கள். தரையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். கண்ட மாத்திரையை நிறுத்திவிட்டு மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை விடாமல் கொடுங்கள்.

செய்வீர்களா தெரியாது. என் பேச்சு உங்கள் வீட்டில் என்றைக்கு எடுபட்டது? வேலைக்கு ஆள் வைக்க மனமில்லாமல் என் மனைவியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கன்றுகள் தேறிய மறுநாளே அவளை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மருமகன்


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

கன்றுகள் தேறிவிட்டன. நீங்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் செய்தோம். மிச்சமிருப்பவை துள்ளிக்கொண்டு திரிகின்றன. சந்தோஷம்தானே?

உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நெருப்பாய்க் காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள், இரத்தமாய்ப் போகிறது. கையில் சலைன் ஏறுகிறது. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல மாடு கன்னு வச்சிருக்கீங்களா?" என்றுதான். சோதித்துப் பார்த்தால் அதே சால்மொனெல்லா. மனிதருக்கும் ஒட்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்பே தெரியும்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வாளிக்கு எழுதியிருக்கிறீர்கள், தரைக்கு எழுதியிருக்கிறீர்கள். புட்டியைப் பிடிக்கிற கை யாருடையது என்று ஒரு நொடி நினைத்தீர்களா? கன்றின் எச்சில் பட்ட கையோடு, நின்றபடியே பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கன்றிடம் ஓடுவாள். 'சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தால் உங்கள் பேனா மை தீர்ந்தா போயிருக்கும்? ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்கம்மா. எந்தக் கன்னுகிட்டேருந்து வந்துச்சுன்னுதான் கேப்பாரு" என்கிறாள். நான் சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

அத்தை


மார்ச் 28

அத்தைக்கு,

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் பால் கறக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனாலும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே எனக்குப் போன் போடாமல், கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அவள் கண் விழித்து என்னைப் பார்த்தாள். "கன்னுங்க தேறிடுச்சாம். டாக்டர் விட்டதும் வர்றேன், சொன்ன சொல்லு இருக்குல்ல" என்றாள். சொல்லும்போது முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"அதுக்காக வர வேண்டாம்" என்றேன். "உனக்கு வரணும்னு தோணினா வா. தோணலைன்னா இரு."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, நீங்க வாசல்ல வந்து நின்ன அன்னிக்கே வந்திருப்பேன்" என்றாள்.

இப்போது வருவாயா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

மருமகன்