மாமன் பெயருக்கு நேரே ஒரு பச்சை டிக்

கே.கே. நகர், மதுரை
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். தினமும் வீடியோவில் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே, சரிம்மா டெலீட் பண்ணிருங்க முடிஞ்சது என்பாய். இது அப்படி முடிகிற காரியம் இல்லை தாயி, நீ குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற முத்துமீனா லீவு முடிந்து வியாழக்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறாள், இதையும் பருப்புப் பொடியையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

கல்யாணச் செலவு கைக்கு அடங்காமல் போகிறது, போனிலேயே கணக்கு வையுங்கள் என்று மூன்று ஆப்பின் பெயரை அனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாய் அல்லவா. நீ சொன்னால் உன் அப்பாவுக்கு அது கவர்மெண்ட் ஆர்டர். மின்வாரியத்தில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த மனுஷன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல் ஆப் போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்டது, முன்பின் தெரியாதவன் நம் வீட்டு விஷயத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார். இரண்டாவது பார்க்க அழகுதான், செலவை வட்டம் போட்டு வண்ண வண்ணமாகப் பிரித்துக் காட்டியது. சாப்பாடு, பெட்ரோல், மருந்து எல்லாம் இருந்தது, விசேஷ வீடுகளில் மொய் வைக்கிற செய்முறைக்கு மட்டும் இடமில்லை. அப்பா அதை அன்பளிப்பு என்ற தலைப்பில் போடப் போனார். கொடுத்துவிட்டு மறந்துவிடுவதுதான் அன்பளிப்பு, செய்முறை நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வருவது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று நான் மல்லுக்கு நின்றேன். மூன்றாவது கடைக்காரர்களுக்குச் செய்தது போலிருக்கிறது. தமிழிலேயே இருந்தது. ஆள் பெயர், போன் நம்பர், கொடுத்தது, வாங்கியது, அவ்வளவுதான். நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, இதையே வையுங்கள் என்று சொன்னவள் நான்தான், அதனால் அப்பாவை மட்டும் குறை சொல்லாதே.

யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்தோம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஏற்றினார். பணம் எப்போது திரும்ப வரும் என்று ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஆப் கேட்டது. வேறு எப்போது வரும், அடுத்த விசேஷம் உன் கல்யாணம்தானே, தை மாதத்து முகூர்த்தத் தேதியை எல்லார் பெயருக்கும் போட்டுவிட்டார். அது தானாகவே நினைவூட்டல் அனுப்பும் என்று எங்களுக்கு என்ன தெரியும். மறுநாள் காலையில் அப்பா பெயரைப் போட்டு, அழகுபாண்டி அவர்களுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய தொகை இவ்வளவு, இந்தத் தேதிக்குள் செலுத்தவும் என்று அத்தனை சொந்தக்காரர்கள் போனுக்கும் போய்விட்டது. பத்திரிகை இன்னும் அச்சாகி வரவில்லை, வெற்றிலை பாக்கு வைத்து ஒருத்தரைக்கூட அழைக்கவில்லை. உன் கல்யாணத் தேதியை அவர்கள் கடன் வசூல் பண்ணுகிற மெசேஜில் தெரிந்துகொண்டார்கள். செல்லூர் பேயாண்டி பெரியப்பா போன் போட்டு, என்னப்பா, வட்டி எம்புட்டுன்னு போடலையே என்று சிரித்தார். அவர் சிரித்தது அவர் பெரிய மனசு. நாங்கள் கூப்பிட்டபோது சில பேர் எடுக்கவே இல்லை.

அதற்கு அடுத்த நாள் பரவையிலிருந்து என் தம்பி, உன் மாமன் நல்லகாமன் வந்தான். அவன் வருகிற விதம் உனக்குத் தெரியும், கேட்டுக்கு வெளியிலிருந்தே அக்கா காப்பி என்று சத்தம் கேட்கும். அன்றைக்குச் சத்தம் இல்லை. உட்காரச் சொன்னேன், நின்றான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டான். ஒரு தாம்பாளம் கேட்டு, அவன் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நாம் செய்த அரை லட்சத்தை அதில் வைத்து, மச்சான், சரியா இருக்கான்னு எண்ணிக்கங்க என்றான். அப்பா பதறிப்போய், மாப்ள, அது தானா போன மெசேஜ் மாப்ள என்று பின்னாலேயே ஓடினார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பணத்தை எண்ணிப் பார்த்தால் மேலே ஒரு ரூபாய் இல்லை. நீ சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவள், உனக்கு இது தெரிந்திருக்காது. வாங்கினதற்கு மேலே கொஞ்சம் கூட்டி வைத்தால் நம் உறவு இன்னும் நடக்கட்டும் என்று அர்த்தம். வாங்கினதை வாங்கினபடியே வைத்தால் இத்தோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதை யோசிக்காமல் அப்பா, வந்த பணத்தை ஆப்பில் ஏற்றினார். மாமன் பெயருக்கு நேரே ஒரு பச்சை டிக் வந்து, கணக்கு முடிந்தது, வாழ்த்துகள் என்றது. எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான் அஸ்வினி. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

பத்திரிகை வந்ததும் முதலாவதைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு நேராகப் பரவைக்குத்தான் போனோம். ஒச்சாயி அத்தை நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். மாமன் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், வாரேன் மச்சான் என்று அப்பாவிடம் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், இந்த ஆப்ப எடுத்துக் குடுத்தது அஸ்வினியா என்று கேட்டான். அப்பாவுக்குத்தான் பொய் வராதே, மூணு அனுப்புச்சு மாப்ள, நாங்கதான் இத எடுத்தோம் என்றார். வெளிநாட்டுல இருக்க பிள்ள, கணக்காத்தான இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். பணத்தைத் தட்டில் வைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. உனக்குக் காது குத்தியபோது அவன் மடியில் இருந்துகொண்டு அவன் கன்னத்தைப் பிறாண்டி வைத்தாய், அந்தக் கீறலைத் தடவித் தடவி ஊரெல்லாம் காட்டிச் சிரித்தவன் அவன். அத்தை பை நிறையக் கத்தரிக்காய் போட்டுக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு வருவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு பேரைப்போல வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போவானா, தாய்மாமனாகச் சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வந்து உனக்கு மாலை போடுவானா, அதுதான் தெரியவில்லை. மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரைக் கொண்டுவந்து நிறுத்துவேன் சொல்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவதையே வைத்துக்கொள்கிறோம். மண்டபம், பூ, சமையல்காரர், மேளம் எல்லாம் அதில் ஏறும், நீ அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். செய்முறையை எந்த ஆப்பிலும் ஏற்றச் சொல்லாதே. நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாமனுக்குப் போன் போடு. மெசேஜ் வேண்டாம், நீ பேசு. ஆப்பைப் பற்றி விளக்கம் சொல்லாதே, சாரியும் சொல்லாதே, அவனுக்கு அது இன்னும் அந்நியமாகப் படும். மாமா, எனக்கு என்ன கலர்ல சேலை எடுக்கப்போறீங்க என்று கேள். பிடித்த கலரைச் சொல், ஜரிகை அகலமாக வேண்டும் என்று அடம் பிடி. தர வேண்டியதையெல்லாம் தந்து முடித்துவிட்டேன் என்று இருக்கிறவனிடம் இன்னும் வேண்டும் என்று கேட்க உனக்கு ஒருத்திக்குத்தான் உரிமை இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. நீயும் உனக்கு அமையப்போகிற குடும்பமும் குறைவில்லாமல் பெருகி வாழ அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. மாமன் மார்க்கெட் வியாபாரத்தை முடித்து வீடு திரும்ப மத்தியானம் ஆகும், அதற்கு மேல்தான் நிதானமாகப் பேசுவான், உன் ஊர் நேரத்தைப் பார்த்துக் கூப்பிடு.

அந்த மூன்றாவது ஆப்பை அழிக்கிறேன் என்று அப்பா போனை எடுத்தார், நினைவூட்டலை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு நான்தான் அழிக்க விடவில்லை. மாமன் உனக்குச் சேலை எடுத்த அன்றைக்கு, அவன் பெயருக்கு நேரே நாம் வாங்கியது என்று ஏற்றி, அந்தப் பச்சை டிக் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அழிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துச்செல்வி