மூன்று மணிக்கு வராத விமானம்

என்னங்க,

காஜா பெராங் சாலை முனையில் இன்று டுரியான் பழ லாரி வந்து நின்றது. வாசம் சமையலறை வரை வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வரும் முதல் பருவம். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மெர்டேக்கா என்று முழங்கி மலாயா சுதந்திரம் பெற்ற மறு வருடம். உங்கள் அப்பாவுக்கு முடியவில்லை என்று கப்பலேறி ஊருக்குப் போனீர்கள். போய்ச் சேரவே ஏழு நாள். காரியமெல்லாம் முடிந்து நீங்கள் அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு ஏழு மாதம். "பிள்ளை பிறக்குமுன் வந்துவிட வேண்டும். கப்பல் வேண்டாம், விமானத்தில் வருகிறேன். மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஏழே மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஏறுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். எட்டிலிருந்து ஏழு மணி நேரம் என்றால் மூன்று மணி. இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

அண்ணனைக் கூட்டிக்கொண்டு, விடியுமுன் பஸ் ஏறி, மூவாரில் ஆற்றைப் படகில் கடந்து, சிங்கப்பூர் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று அடித்தது, நாலும் அடித்தது. வானத்தில் ஒன்றையும் காணோம். உள்ளே போய்க் கேட்க அண்ணனுக்குக் கூச்சம். கேட்டால், கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாரியாத்தா, இந்தப் பிள்ளைக்கு அப்பனைக் காட்டிடு. ஆயுசுக்கும் டுரியானைத் தொட மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். உயிரை விட்டுத் தின்பேன் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்தீர்கள், சிரித்துக்கொண்டே. நான் அழுத அழுகையில் பதறிப்போய், "என்னாச்சு? சொன்ன நேரத்துக்குத்தானே வந்தேன்" என்று கைக்கடிகாரத்தை நீட்டினீர்கள். அதில் மூன்றேகால். மெட்ராஸ் நேரத்தை நீங்கள் இன்னும் மாற்றவே இல்லை. "இங்க ரெண்டு மணி நேரம் முன்னாடியே விடிஞ்சிடுது, பைத்தியம்" என்று என் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டீர்கள், அத்தனை பேர் பார்க்க. எனக்கு வெட்கத்தில் அழுகையே நின்றுவிட்டது.

"மணி பார்க்கத் தெரியாம டுரியானை விட்டவ" என்று கடைசி வரை கேலி. ஆனால் வீட்டுக்குள் ஒரு பழம் கொண்டுவந்ததில்லை. கிளேபாங் கடற்கரையில் தின்றுவிட்டு, நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டு, பூனை மாதிரி வருவீர்கள். அந்த வாசத்தை மறைக்க முடியுமா? தெரியாதது போல் இருந்துவிடுவேன்.

இப்போது கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம்தானாம். இறங்கியதும் கைபேசியே நேரத்தை மாற்றிக்கொள்ளுமாம். அன்று வயிற்றில் இருந்த நம் மகன்தான் சொன்னான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. லாரியில் ஒரு பழம் வாங்கி வந்து, ஒரு சுளையைத் தட்டில் வைத்து நீட்டினான். "அப்பாவே போயிட்டாரு, இன்னும் என்னாம்மா வேண்டுதல்? அதுவும் கணக்குத் தெரியாம வச்ச வேண்டுதல். சாப்பிடுங்க."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். கணக்கு தப்புதான். ஆனால் நீங்கள் வர வேண்டும் என்று கேட்டேன். வந்தீர்களே.