பிரபுவின் படகில் எரியும் பச்சை விளக்கு

ஊரூர் குப்பம், செவ்வாய்

அன்பு மகள் நிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மா ரத்னாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஷிப்டில் உன் கையில் போன் இருக்காது, முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டும் என்று பேப்பரில் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய உங்கள் கம்பெனி சேட்டிலைட் சொன்ன பேச்சு கேட்காமல் நகர்கிறது, எந்த நேரமும் அடங்கிவிடும், வெளியே தெரிந்தால் உன் வேலை போய்விடும் என்றாய். அதை நம்பித்தானே இங்கே படகுக்குப் படகு சேட்டிலைட்டோடு பேசும் பெட்டி மாட்டியிருக்கிறார்கள், புயல் செய்தியே அதில்தான் வருகிறது. முன்பு கரை மறையும் தூரத்துக்கு ஜோடிப் படகாகத்தான் போவோம், ஒன்று நின்றால் மற்றது இழுத்து வரும். பெட்டி வந்ததும் மீன் கிடக்கிற இடத்தை அடுத்தவனுக்கு எதற்குக் காட்டுவது என்று அவனவன் தனியாகப் போகிறான், உன் தம்பி பிரபுவும்தான். நேற்று ரகுபதி படகோடு சேர்ந்து போடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பொட்டியில பச்சை லைட்டு எரிஞ்சிகினு கீது, உனக்கு இன்னா நைனா பயம்?" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்த விளக்கு பேட்டரியில் எரிவது, மேலே இருப்பது செத்தாலும் எரியும் என்று நீ சொன்னது வாய் வரை வந்தது. உன் வேலையை நினைத்து விழுங்கிவிட்டேன்.

இன்று காலை காற்று திரும்பிவிட்டது, தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கரையேறினார்கள், தூரம் போன பிரபு வரவில்லை. கரையிலிருந்து பெட்டிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. பையன் தூங்குகிறான் போல என்று கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் எல்லையம்மன் கோவில் மைக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டார்கள், உன் பேரைச் சொன்ன பிறகுதான் ரகுபதி அவனைத் தேடப் படகை இறக்கினான். நான் மைக்கில் பேசியதை யாரோ ஒருவன் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான், உங்கள் ஆபீசுக்கும் போயிருக்கும். என் மேல் கோபப்படு, பரவாயில்லை. அம்மா கரையில்தான் நிற்கிறாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

அம்மன் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்ததும் திரும்ப ஆபீசுக்குள்ளே போ, அந்த சேட்டிலைட் ஒரு நிமிஷம் கண் திறந்தாலும் பிரபு பெட்டிக்குத் திரும்பி வா என்று அனுப்பச் சொல். இனிமேல் உன்னை உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை.

உன் அப்பா,
துரைராஜ்